தங்கை தலையில் ஊற்றியது

சுரங்க வேலைநிறுத்தம் நடந்து முப்பது வருடமாம். அதன் நினைவாகப் படக்கண்காட்சி வைக்கிறோம் என்று சங்க மண்டபத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அப்போது வேலைநிறுத்தக் குடும்பங்களுக்காகப் பொது அடுப்பில் சமைத்தவர்களில் உயிரோடு இருப்பது ஆறு பேர். எங்கள் பேச்சைப் பதிவு செய்ய ஓர் இளம்பெண் வந்திருந்தாள்.

புழு நெளிந்த பருப்பைக் களைந்தது, போலீஸ் வண்டிக்கு முன்னால் படுத்தது என்று பேச்சு ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒட்டடைக்குச்சி வாயைத் திறந்தாள். நெட்டையாக இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"கருங்காலி வீட்டுல வாசனைத் தண்ணி தெளிச்சோமே, அதைச் சொல்லுங்கடி."

மற்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அந்தக் கருங்காலி என் தங்கையின் கணவர். வேலைநிறுத்தத்தின் ஒன்பதாவது மாதத்தில், எங்கள் தெருவிலிருந்து அவர் மட்டும் சுரங்கத்துக்குள் இறங்கினார். மறுநாள் காலை பொதுக் கழிப்பறைத் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டுகொண்டு போனோம். என் குரல் கேட்டால்தான் தங்கை கதவைத் திறப்பாள் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். "அக்காவா?" என்றபடி திறந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. பார்த்தேன். பார்த்த பிறகும் ஊற்றினேன்.

"நீங்க சொல்லுங்கம்மா." அந்தப் பெண் மைக்கை என் பக்கம் நகர்த்தினாள்.

"பீத்தண்ணிம்மா அது. என் தங்கச்சி தலையில ஊத்தினேன். குழந்தை வாய்க்குள்ளயும் போச்சு. அதுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு. மருந்துக்கு வழியில்லாமத்தான் அவர் வேலைக்குப் போனாரு. எனக்கு அது தெரியும்."

சிரிப்பு அடங்கியது. அந்நாளில் அடுப்படிக்குத் தலைவியாக இருந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இதெல்லாம் இப்ப எதுக்கு? நம்ம போராட்டமே அசிங்கமாயிடும்."

"அசிங்கம்தானேக்கா பண்ணினோம்?"

எழுந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான். இத்தனை வருடமும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறிப் போய்விடுவாள்.

கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. மண்டபத்தில் பேசியதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"நாலு நாள் நாத்தம் போகல," என்றாள். "முடியை ஒட்ட வெட்டிட்டேன். புள்ள வயித்தால போயி பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தான். நீ எட்டிப் பார்த்தியா?"

"இல்ல."

"இப்ப எல்லாத்தையும் என்கிட்ட கொட்டிட்டு நீ சுத்தமாயிடலாம்னு வந்தியா? போ. வேற ஆளைப் பாரு."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கதவையும் மெதுவாகத்தான் சாத்தினாள்.

அடுத்த மாதம் கண்காட்சி திறந்தார்கள். ஒலிபெருக்கியில் ஓடிய பதிவில் ஒட்டடைக்குச்சி சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை இல்லை. சுவரில் கரண்டியோடு இளித்தபடி என் பழைய படம். கீழே 'வீரப் பெண்மணி' என்று எழுதியிருந்தது.

வாயில் கசப்பாக எச்சில் ஊறியது. துப்ப இடமில்லை. விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.