இல்லாத மாவட்டத்தின் கையேடு

அரியலூர் குழந்தைவேல் மாதம் ஒரு நாவல் எழுதிக் குடும்பம் நடத்தியவர். டிவியில் தொடர்கள் வந்தாலும் வந்தன, பஸ் ஸ்டாண்டு கடையில் அவருடைய நாவல்கள் தொங்கிய இடத்திலேயே வெளுத்தன. வாங்கிப் படித்த பெண்களெல்லாம் இப்போது டிவி முன்னால் உட்கார்ந்து ஓசியிலேயே அழுதார்கள்.

சென்னைப் பதிப்பாளர் வீரமுத்து போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

“கதைய டிவிக்காரன் சும்மா குடுக்குறான் சார். பொது அறிவு எழுதுங்க. உங்க ஊரு இப்ப தனி மாவட்டமாச்சே, அதையே எழுதுங்க. கற்பனை வேணாம். இனிமே உண்மைதான் ஓடும்.”

குழந்தைவேல் பாதியில் நின்ற நாவலைப் பரணில் போட்டுவிட்டு, இனிக் கதையே எழுதுவதில்லை என்று மனைவி அனுசுயாவிடம் சொன்னார்.

“நல்லதாப் போச்சுங்க” என்றாள் அவள், கொஞ்சம்கூட வருத்தப்படாமல்.

சுண்ணாம்புக்கல் சுரங்கம், ஆண்டிமடத்து முந்திரி, ஏரி, குளம் என்று ஊர் ஊராக அலைந்து, ஒரு வரி பொய் கலக்காமல் ‘அரியலூர் மாவட்டக் கையேடு’ எழுதினார். கதையில் கொலை செய்யக் கூசாத மனிதர், ஓர் ஏரியின் பரப்பளவைச் சரிபார்க்க உடையார்பாளையத்துக்கு நடையாய் நடந்தார்.

புத்தகம் அச்சாகி வந்த வாரமே மாவட்டத்தைத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள்.

“கற்பனை வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே சார்! இல்லாத மாவட்டத்தப் பத்தி எழுதி வச்சிருக்கீங்களே!” என்று கத்தினார் வீரமுத்து.

விற்காத கட்டுகள் குழந்தைவேல் வீட்டுக்கே வந்து இறங்கின. அனுசுயா அவற்றை மூலையில் அடுக்கி மேலே ஒரு பலகையைப் போட்டாள். பார்த்தால் மேசை மாதிரி இருந்தது. உண்மையை எழுதினாலும் பொய்யாகத்தான் போகிறது, அதற்கு நம்முடைய பொய்யையே எழுதலாமே என்று பரணிலிருந்து நாவலை இறக்கினார் குழந்தைவேல். பகலில் வயிற்றுப்பாட்டுக்கு ஒரு ஜவுளிக்கடையில் வேலை, மற்ற நேரமெல்லாம் அந்தப் பலகை. யாரும் கேட்காத நாவலை எழுதுவதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

ஐந்தாறு வருஷம் கழித்து, 2007 கடைசியில் மாவட்டம் மறுபடியும் பிறந்தது. அன்றே வீரமுத்துவின் போன்.

“சார், அந்தப் புத்தகக் கட்டெல்லாம் எடைக்குப் போட்டுடலையே? இன்னிக்கே பஸ்ஸுல ஏத்துங்க. இனிமே மாசம் ஒரு மாவட்டம் எழுதுங்க, கை நிறையத் தரேன்.”

“நாவல் ஒண்ணு முடியப் போவுதுங்க.”

“நாவல வச்சு என்ன பண்றது? எழுத்தாளரா இருக்கணும்னா இதான் சார் வழி.”

கதவோரம் நின்ற அனுசுயா, ஒத்துக்கொள்ளச் சொல்லித் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். குழந்தைவேலுக்கும் ஆசைதான். நாக்கு நுனிவரை ‘சரி’ வந்துவிட்டது.

“கட்டெல்லாம் அனுப்பிடுறேங்க. கையேடு வேணாம். நாவல்ல ஒரு ஊரு வச்சிருக்கேன். அத எவனாலயும் பெரம்பலூரோட சேக்க முடியாது.”

வீரமுத்து “கட்டுல கரையான் ஏறலையே?” என்று கேட்டார்.

மாலையில் கட்டுகள் பஸ் ஏறின. குழந்தைவேல் தரையில் சம்மணம் போட்டு, பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

“ஒத்துக்கிட்டிருந்தா ஒரு நல்ல மேசையாவது வாங்கியிருக்கலாம்” என்று காபியை நங்கென்று வைத்தாள் அனுசுயா.

அவர் நிமிரவில்லை. அவருடைய ஊரில் அப்போதுதான் மழை பிடித்திருந்தது.