ரிம்மாவின் கணுக்காலில் கட்டிய கயிறு

ஜெர்மன் முற்றுகையின் முதல் குளிர்காலத்தில், 1942 ஜனவரியில், லெனின்கிராடின் பொதுக் குடியிருப்பு ஒன்றின் சமையலறையில் பயிற்சிக்காகத் துள்ளிய பாலே ஆட்டக்காரி ரிம்மா வெலிகானோவா நாலு நிமிஷம் கழித்துத்தான் தரைக்கு வந்தாள். வெந்நீருக்குக் காத்திருந்த மூன்று பேர் அதைப் பார்த்தார்கள். அதிசயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மரத்தூள் ரொட்டித் துண்டில் உயிர் பிடித்திருக்கும் ஊரில் ஒருத்தி இப்படித் துள்ளுகிறாள் என்றால் ஒளித்து வைத்து எதையோ தின்கிறாள் என்றுதான் தோன்றியது.

அவள் ஆடிவந்த பெரிய நாடக அரங்கத்தார் ஊரைவிட்டுப் போனபோது, படுத்த படுக்கையாயிருந்த அம்மாவுக்காக ரிம்மா தங்கிவிட்டாள். அம்மா டிசம்பரில் இறந்தாள். பக்கத்து அறை அக்லயா தீமொஃபீவ்னா மீன் பதனிடும் ஆலையின் வாசலில் இருபது வருஷம் தொழிலாளர்களைச் சோதனை போட்டவள். அவள் ரிம்மாவின் மெத்தையை உதறினாள், வாயை முகர்ந்து பார்த்தாள். தச்சுப் பசையைக் காய்ச்சிக் குடித்த வாடைதான் வந்தது. அப்படியும் மனம் ஆறாமல் மேலிடத்துக்கு எழுதிப் போட்டாள். இரண்டு அதிகாரிகள் வந்து ரிம்மாவை முற்றத்தில் துள்ளச் சொன்னார்கள். மேலேயிருந்து பீரங்கிகள் தெரிகின்றனவா என்று ஒருவர் கேட்டார். கூரைப் பனிதான் தெரிகிறது என்றாள். வெட்டவெளியில் துள்ளக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

வசந்தத்தில், ஊரில் மிஞ்சிய ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு பாலே குழு தொடங்கினார்கள். சேர்ந்தால் கூடுதல் ரொட்டி தரும் தொழிலாளர் அட்டை உண்டு. கிடைக்காவிட்டால் அடுத்த குளிரைத் தாண்டுவது சிரமம். ஆள் எடுக்கும் தேர்வில் ரிம்மா துள்ளினாள். பியானோ வாசித்தவர் முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். நடன ஆசிரியர் ஒசிப் கார்லோவிச் நாற்காலியை விட்டு எழ முடியாதவர்.

"மேல போறதுல என்ன இருக்கு? தாளத்துக்குக் கீழ வரத் தெரியணும்," என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

சமையலறையில் ரிம்மா அழுவதை அக்லயா வெகுநேரம் பார்த்தாள். பிறகு துணி உலர்த்தும் கயிற்றை அவிழ்த்து வந்தாள்.

"உன்ன எனக்கு நம்பிக்கையில்ல. விட்டா அப்படியே எங்கயாச்சும் போயிடுவ. கால நீட்டு, கயித்த நான் புடிச்சுக்கறேன்."

அக்லயாவுக்கு இசை தெரியாது. ஆலை வாசலில் ஆட்களை எண்ணியதுபோல் எண்ணி, எட்டாவதில் இழுத்தாள். இரண்டு வாரத்தில் ஒசிப் கார்லோவிச் தலையசைத்துச் சேர்த்துக்கொண்டார்.

ஜூனில் முதல் ஆட்டம். பட்டினியில் உடம்பு சூடேறாத கூட்டம் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது. ரிம்மா எழுந்தாள். எட்டு வந்தது, போனது. திரைமறைவில் கயிறு தொய்ந்து கிடந்தது. அக்லயா எண்ணிக்கையை விட்டுவிட்டு, வாய் லேசாகத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். குழல்காரர்கள் மூச்சிருந்தவரை கடைசி சுரத்தைப் பிடித்தார்கள்.

"அக்லயா தீமொஃபீவ்னா," என்றாள் ரிம்மா மேலிருந்து, மெதுவாக. "இழுங்க."

"இரும்மா," என்றாள் அக்லயா. "இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்."

பிறகு இழுத்தாள். மறுநாள் ஒசிப் கார்லோவிச் அந்த இடத்தில் எட்டுத் தாளம் கூடுதலாக எழுதிச் சேர்த்தார்; ஊழியர் பட்டியலில் அக்லயாவின் பெயரும் ஏறியது. ரிம்மா இன்னும் பதினோரு வருஷம் ஆடினாள். புதிதாக வரும் இசை நடத்துநர்களிடம், அந்த இடத்தில் அவள் இறங்கும்வரை காத்திருங்கள் என்று சொல்லிவைப்பார்கள். அவர்களும் காத்திருந்தார்கள்.