போட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை

கலவான ஊர்ப் பஸாரில் காளிதாஸ் முதலாளி ஒரு சிங்களப் பையனின் காலடியில் குந்தியிருந்து, புதுச் சப்பாத்துக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். பையனின் தாய் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அவர்களைச் சுற்றிலும் திறந்த பெட்டிகள். கடைப் படியில் மகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த இந்திராணிக்கு, முதலாளிக்கு இப்படிக் குனியவும் தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

“என்ன நம்பர்?” என்று அவர் திரும்பாமலே கேட்டார். சிங்களத்தில் குழைந்துகொண்டிருந்த குரல் தமிழுக்கு மாறியதும் காய்ந்துவிட்டது.

“நம்பர் தெரியாதுங்க. புள்ளைக்கு ஓடுறதுக்கு. போட்டுப் பாக்கணும்.”

“போட்டுப் பாத்தா அழுக்காயிரும்மா. அப்புறம் யாரு வாங்குவா? போன தடவ ஈர்க்குச்சி கொண்டாந்தியே, இந்தத் தடவயும் ஒண்ணு ஒடிச்சிக்கிட்டு வர்றதுதானே.”

போன தடவை செய்தது அதைத்தான். தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் செய்வதும் அதுதான். தோட்டத்து ஆட்களைக் கடைக்குள் உட்காரவைத்துச் சப்பாத்து மாட்டிப் பார்க்க விடுவதில்லை என்பதால், பாதத்தின் நீளத்துக்கு ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து எடுத்துவருவார்கள். இந்திராணி விடியற்காலையில், பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போகும் அவசரத்தில், தூங்கிக்கொண்டிருந்த மகள் மதுஷாவின் காலில் அளந்தாள். வளர்கிற பிள்ளை என்று ஒரு நம்பர் கூட்டியும் வாங்கினாள். குச்சி நீளத்தைச் சொன்னது. மேடும் பள்ளமும் ஏறி இறங்கி விரல் பரந்துபோன பாதத்தின் அகலத்தை அது சொல்லவில்லை. சப்பாத்து முன்னால் காலியாகக் கிடந்தது, பக்கங்களில் நெரித்தது. இறக்கத்தில் கால் முன்னுக்குச் சறுக்கியது. சறுக்காமலிருக்கப் பள்ளிக்கூட மேஸை, அந்த வெள்ளைக் காலுறையை, இரண்டு சோடியாக மாட்டிவிட்டாள். அவை நனைந்து, சுருண்டு, தோலை உரித்தன.

வலய ஓட்டப் போட்டியில் மதுஷா இரண்டாவதாக வந்தாள். வீட்டுக்கு வந்து கழற்றியபோது மேஸின் முனை சிவந்திருந்தது. பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

“ஏன்டி சொல்லல?”

“சரியாத்தாம்மா இருந்திச்சு.”

அந்தச் சொல்லைப் பிள்ளை எங்கே கற்றுக்கொண்டாள் என்று இந்திராணி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தோள் இறுக்கிய மழைக்கோட்டை ஒரு மழைக்காலம் முழுவதும் போட்டுக்கொண்டு கொழுந்து பறித்தவள் அவள். பத்துமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் சரியா இருக்குங்க என்று சொல்லியே பழகியவள். வலியை விழுங்குவது மரியாதை என்று நினைத்திருந்தாள். அது மகளின் காலில் புண்ணாக வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

சனிக்கிழமை இரத்தினபுரியில் மாகாணப் போட்டி. அந்தக் காலோடு அதே சப்பாத்தில் ஓடினால் பாதியில் நிற்க வேண்டியதுதான் என்று விளையாட்டு டீச்சர் ரிஸ்லா சொல்லிவிட்டார். “பின்னேரமாப் போங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கி ஈக்கும். ஓடுற மேஸப் போட்டு, எழும்பி நின்டு பாக்கணும். முன்னுக்குப் பெருவிரல் அகலம் எடம் வேணும். குதி கழலப்படாது. ரெண்டு காலும் பாருங்க, ஒண்டு எப்பவும் கொஞ்சம் பெருசு.”

இந்திராணி திரும்பி மகளைப் பார்த்தாள். மதுஷா ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் ஒளித்து, விரல்களைச் செருப்புக்குள் மடக்கிக்கொண்டிருந்தாள். இந்திராணியும் அந்த நிமிடம் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். காதுமடல் சுட்டது. இன்னொரு நாளாக இருந்தால் படியிறங்கியிருப்பாள். இன்றைக்கு ஏறினாள்.

“உக்காரு மது.”

“ஏய், ஏய், அந்த நாற்காலி…”

“உக்காரத்தானேங்க மொதலாளி நாற்காலி.”

“தோட்டத்துச் சேத்தோட வந்து…”

“கால் கழுவித் தொடச்சித்தான் கூட்டியாந்தேன். ஸ்கூல் தொறந்தா தோட்டத்து மூணு டிவிசனும் ஒங்க கடையிலதான் சப்பாத்து வாங்குது. நாளைக்குக் காலையில பெரட்டுல நான் ஒரு வார்த்த சொன்னாப் போதும், இரத்தினபுரிக்கு பஸ் ஏறிப் போயிருவாங்க. சொல்லவா?”

காளிதாஸ் அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். பிறகு ஒரு பெட்டியை இறக்கினார்.

மதுஷா மாட்டினாள். “சரியா இருக்கும்மா.”

“எழும்பி நின்னு சொல்லு.”

பிள்ளை நின்றாள். பாதத்தின் ஓரத்தை லேசாகத் தூக்கினாள்.

“வலிக்குதா?”

“சுண்டுவெரல் பக்கம்…”

“மொதலாளிக்குக் கேக்கலயாம்.”

“இறுக்குது,” என்றாள் மதுஷா, தரையைப் பார்த்தபடி.

அடுத்தது குதியில் கழன்றது. அதற்கடுத்ததன் நுனியில் விரல் இடித்தது. ஒவ்வொன்றுக்கும் மதுஷாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையிலிருந்து எழும்பியது. முதலாளி கொடுத்த மேஸ் பெரிதாக இருந்தது; அதன் குதி கணுக்காலில் போய் நின்றது.

“மேஸெல்லாம் ஒரே சைஸ்தாம்மா. இழுத்து விட்டா சரியாயிரும்.”

“இழுத்துப் போட்டா உள்ள சுருளுதுங்க. இதவிடச் சின்னது எடுங்க. அந்த மேல் தட்டுல இருக்க அகலச் சப்பாத்தையும் எடுங்க.”

“அது பையங்களோடது.”

“ஓடப் போறது கால்தானேங்க. கால் ஆம்பளையா பொம்பளையான்னு பாக்குமா?”

சிங்களத் தாய்க்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காளிதாஸ் ஏணியை நகர்த்தினார்.

மதுஷா இரண்டு காலிலும் மாட்டி, நின்று, குதித்தாள். விரல்களை உள்ளே அசைத்துப் பார்த்தாள். “பஸ் நிக்கிற எடம் வரைக்கும் ஓடிப் பாக்கவாம்மா?”

“வாங்காத சாமான வெளிய கொண்டு போகக் கூடாது,” என்றார் காளிதாஸ்.

“நான் இங்கதானே இருக்கேன். போ மது.”

பிள்ளை பஸாருக்குள் பாய்ந்தாள். மீன் வண்டியைத் தாண்டி, முச்சக்கர வண்டிகளைத் தாண்டி, மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

“வலது லேஸ் கொஞ்சம் தளத்தணும். வேற ஒண்ணும் வலிக்கல.”

இம்முறை இந்திராணி மறுபடி கேட்கவில்லை. அந்த முகம் பொய் சொல்லவில்லை.

“ஒரு சோடி சப்பாத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா,” என்று காளிதாஸ் பெட்டிகளை அடுக்கியபடி முணுமுணுத்தார். “ஒங்க ஆளுங்க குடுத்தத வாங்கிக்கிட்டுப் பேசாமப் போறவங்களாச்சே.”

“பேசாமப் போனதுனாலதாங்க எங்களுக்கு ஒண்ணுமே அளவா அமையல. சப்பாத்தும் அப்படித்தான், வீடும் அப்படித்தான், சம்பளமும் அப்படித்தான். நெரிக்குதுன்னு நாங்க வாயத் தொறக்காத வரைக்கும், பத்துதுன்னுதான் குடுக்குறவங்க நெனச்சிக்குவாங்க. அதுல எங்க பெழையும் இருக்கு. இனிமே எது எங்களுக்குச் சரின்னு நாங்கதான் சொல்லுவோம். எங்க புள்ளைங்களும் சொல்லும்.”

மதுஷா உட்கார்ந்து, குனிந்து, வலது காலின் லேஸை அவிழ்த்து முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள். அவசரப்படவில்லை. காளிதாஸ் வெற்றுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் கட்டி முடிக்கும்வரை நின்றார்.