சூடேறாத லத்திக் குவியல்

மாமியார் கோபித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்று காத்திருக்கிற மருமகன்கள் உலகத்தில் நிறைய உண்டு. நம் ரொட்டிக்காரர் அந்த ரகம் இல்லை. அத்தை எங்கே போய்விடுவாரோ என்பதுதான் அவருடைய கவலை.

எல்லாம் ஓர் எலுமிச்சை மரத்தால் வந்தது. அத்தை காலமெல்லாம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். கணவர் போன பிறகு மகள் வீட்டுக்கு வந்தபோது, பழைய வீட்டு மரத்தை வேரோடு பெயர்த்து ஒரு டிரம்மில் வைத்துக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் நட்டார். மரம் வந்த நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. இருந்த இலையையும் ஒவ்வொன்றாக உதிர்த்தது.

அத்தை அசரவில்லை. அடுத்த தெருவில் குதிரையேற்றப் பள்ளி இருந்தது. அங்கே லாயத்திலிருந்து வைக்கோலோடு சேர்த்து குதிரை லத்தியை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து, இடுப்புயரத்துக்குக் குவித்தார். பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும். குவியல் உள்ளே கொதித்து, மக்கி, மண்ணாகிய பிறகுதான் மரத்துக்குப் போட வேண்டும் என்றார். சாக்கைப் போட்டு மூடினார். மாவு பிசைகிற கையால் மாப்பிள்ளை லத்தியைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முழங்கால் வலியோடு அத்தை குனியவே கூடாது என்று ரொட்டிக்காரரும் பதிலுக்குச் சொன்னார். இருவரும் பெரிய மனிதர்களாகத் தலையாட்டிக்கொண்டார்கள்.

குவியல் சூடாகவில்லை. வாரங்கள் போயின. உள்ளே கையை விட்டால் ஜில்லென்று இருந்தது. அத்தைக்கு மனசு விட்டுப்போயிற்று. மரமும் இங்கே ஒட்டவில்லை, லத்தியும் ஒட்டவில்லை, நான் மட்டும் உங்கள் வீட்டில் எதற்கு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று சாப்பாட்டு வேளையில் சொன்னார். வெளியூரில் இருக்கும் மகனைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து தன்னையும் மரத்தையும் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

ரொட்டிக்காரர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டார். அவர் தாயில்லாமல் வளர்ந்தவர். விடியுமுன் பேக்கரிக்குக் கிளம்புகிறவருக்கு எழுந்து டீ போட்டுக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்ப ஓர் ஆள் வாய்த்தது இப்போதுதான்.

வியாழக்கிழமை பேக்கரி அடுப்பு பழுதாகிவிட்டது. மதியம் திரும்ப வேண்டியவர் காலையிலேயே வந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தால், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியும் கையுமாக அத்தை குவியலைக் கீழ்மேலாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

அத்தை கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றார். "நீங்க வேலைக்குப் போனதும் தினமும் கிளறி விடுறேன், மாப்பிள்ளை. காத்துப் பட்டா சீக்கிரம் சூடேறும்னு. நீங்க பார்த்தா வருத்தப்படுவீங்கல்ல."

ரொட்டிக்காரர் அத்தை கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மத்தியானம் நீங்க தூங்கினப்புறம் நானும் தினமும் கிளறுறேன், அத்தை."

இருவரும் சமையலறைக் கதவைப் பார்த்தார்கள். அங்கே மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அம்மாவிடம் சொல்லாதே என்று கணவர், அவரிடம் சொல்லாதே என்று அம்மா. இரண்டு பேரும் சத்தியம் வாங்கிக்கொண்டால் அவள்தான் என்ன செய்வாள்? ரொம்பக் கிளறினால் ரொம்ப நல்லதோ என்று அவளும் சும்மா இருந்துவிட்டாள்.

"வேகுதான்னு அடுப்புக் கதவைத் திறந்து திறந்து பார்க்கறவனைக் கடையில எத்தனை தடவை திட்டியிருக்கேன்," என்றார் ரொட்டிக்காரர். "சூடு பூரா வெளியே போயிடும்னு. இங்க வந்து நானே அதைத்தான் பண்ணியிருக்கேன்."

அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

அன்றே புதிதாக இரண்டு மூட்டை லத்தியைக் கலந்து, அளவாகத் தண்ணீர் தெளித்து, சாக்கை இறுக்கி மூடினார்கள். மண்வெட்டியை மகள் எடுத்துக்கொண்டுபோய்த் தன் கட்டிலுக்கடியில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு வெள்ளியும் சனியும் இரண்டு பேருக்கும் கை பரபரவென்று இருந்தது. அத்தை நாற்காலியைப் போட்டுக் குவியலுக்குக் காவல் இருந்தார். காய்ந்த துணியை எடுக்கும் சாக்கில் வந்த மாப்பிள்ளையை, கொடியில்தான் ஒன்றும் இல்லையே என்று திருப்பி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேருமாகப் போய்ச் சாக்கைத் தூக்கினார்கள். குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. அத்தை முழங்கை வரை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தார். கை சிவந்திருந்தது. அந்தக் கையை மகளிடமும் மாப்பிள்ளையிடமும் மாறி மாறிக் காட்டினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை வந்த நாளிலிருந்து அவர்கள் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மகனிடமிருந்து போன் வந்தது. பாதி வழி வந்துவிட்டானாம். ரொட்டிக்காரர் சாக்கைக் கையில் பிடித்தபடியே அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

"வாடா, வா. வண்டியைக் காலியா மட்டும் கொண்டுவராதே," என்றார் அத்தை. "அடுத்த தெரு லாயத்துல நிறுத்தி நாலு மூட்டை ஏத்திக்கிட்டு வா. நம்ம வீட்டு மரத்துக்கு இது பத்தாது."

போனை வைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் கிடந்த மண்வெட்டியை எடுத்துவரச் சொல்லி, ரொட்டிக்காரர் கையில் கொடுத்தார்.

"அடுத்த வாரம் புரட்டணும், மாப்பிள்ளை. ஒரே ஒரு தடவை. நான் குனியமாட்டேன், நீங்களே புரட்டிடுங்க."

ரொட்டிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவி பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார்.