மஞ்சள் துணியில் முடிந்த ஊர்

மேற்கு மலைக்குப் பின்னே கதிரவன் இறங்க, திருவில்லிபுத்தூர் நெடுங்கோபுரத்தின் நிழல் கூரைகளின்மேல் நீண்டு கிடக்க, மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள் மஞ்சளாடையோடு தெருவெங்கும் நிறைந்திருந்த பங்குனித் திங்களின் அந்திப்பொழுது அது. அந்த அழகிலே மயங்கி நடந்த பெண்ணொருத்தி, பெருந்தவறு ஒன்றைச் செய்துவிட்டு வீடு திரும்பினாள் என்றால், அன்பரே, நீர் நம்பத்தான் வேண்டும்.

பாண்டிசெல்வி பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. வரலாறு என்றால் அவளுக்கு உயிர். புத்தகத்தைத் திறந்தால் போதும், யானைப்படை புழுதி கிளப்பும், கடலிலே பாய்மரம் விரியும், அடுப்பிலே பால் பொங்கி வழியும். மற்றத் தேர்வுகள் முடிந்து வரலாறு ஒன்றே எஞ்சியிருக்க, அதில் சிறந்து, கல்லூரியிலும் அதையே பயில வேண்டுமென நேர்ந்துகொண்டு கையில் காப்புக் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டியவர் பூக்குழி இறங்கித் தீ மிதிக்கும்வரை ஊரெல்லை தாண்டலாகாது. தேர்வு நடக்கும் பள்ளியோ இராசபாளையத்தில் இருந்தது. அத்தனை நாளும் பேருந்தேறிப் போய்வந்தவள் அதை எப்படி மறந்தாள் என்று கேட்பீராயின், அவள் அப்போது சோழன் அவையில் இருந்தாள் என்பதன்றி வேறு விடை இல்லை.

அவள் கைக்கயிற்றைக் கண்டதும் தாய் பாலம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, நாளைக்குப் பரீட்சைக்கு எப்படிப் போவ? ஒங்கப்பா பனிமலையில எல்லையக் காத்து நிக்காவ. நீ அம்மன் எல்லையத் தாண்டி, அவியளுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?"

"போகலைன்னா இந்த வருசமே போச்சும்மா," என்றாள் மகள். இருவரும் அன்று உண்ணவில்லை.

விடியற்கனவிலே, வடதிசை வென்ற சோழன் படை கங்கை நீரைக் குடங்களில் சுமந்து வரக் கண்டாள் பாண்டிசெல்வி. எழுந்தவள் கோயில் வாசலுக்கு ஓடி, ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து வந்து தாய்முன் நின்றாள்.

"சோழன் கங்கையையே தன் ஊருக்குக் கொண்டாந்தான். நான் ஊரையே கூடக் கொண்டு போறேன். இதுமேல கால் இருக்கிற வரைக்கும் நான் ஊருக்குள்ளதான இருக்கேன்?"

பாலம்மாள் முடிச்சை வாங்கி, இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

"அம்மன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். போயிட்டு வா."

தேர்வுக்கூடத்து ஆசிரியர் முடிச்சைப் பிரித்துப் பார்த்து, வெறும் மண் என்று திருப்பித் தந்தார். அதன்மேல் பாதம் பதித்து, ஓய்வின்றி எழுதினாள் அவள். வினாத்தாளில் சோழனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்காக அவள் வருந்தவும் இல்லை.

மாலையில் அவள் வரும்வரை கோயில் வாசலிலேயே காத்திருந்தாள் தாய். எடுத்த இடத்திலே மண்ணைக் கொட்டப்போன மகளின் கையைப் பற்றினாள்.

"அம்புட்டையும் கொட்டிராத. ஒங்கப்பாவுக்குக் கொஞ்சம் அனுப்பணும்."

எத்தனையோ மன்னர் எல்லை வகுத்து மறைந்தனர். திருவில்லிபுத்தூரின் எல்லையோ அன்று, ஆறுகளையும் மலைகளையும் கடந்து, பாலம்மாளின் கணவன் பனியிலே நின்ற இடம்வரை நீண்டது.