ருசியாவுக்குப் போகவேண்டிய கோட்டு

கோட்டைக் கழற்றாமலேயே வீரையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அறுத்துப் போட்ட வயலுக்குக் காவல் போனவன், விடிந்து பார்த்தால் வரப்போரமாகச் சுருண்டு கிடந்தானாம். நாலு பேர் கைகால்களைப் பிடித்து, ஒருவன் தலையைத் தாங்கி, வாசலில் விரித்திருந்த ஓலைப்பாயில் கிடத்தினார்கள். வாயோரத்தில் நுரை காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. தை மாசத்துப் பனியில் ஊறிய கனத்த கறுப்புக் கோட்டு முழங்கால் வரைக்கும் அவனை மூடியிருந்தது.

அம்சம் அலறிக்கொண்டுதான் ஓடிவந்தாள். புருசன் மேல் விழக் குனிந்தவள் பாதியிலேயே நின்றுவிட்டாள். கோட்டிலிருந்து பூண்டு வாடை வந்தது.

மற்றவர்களுக்கும் அது வந்திருக்கும். ஆனால் பண்ணை வயல்களுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற ஆள் வீரையன். அவன் வேட்டியிலும் துண்டிலும் அந்த வாடை எப்போதும் இருப்பதுதான், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்சம் மட்டும் ஓரடி பின்வாங்கினாள்.

பக்கத்து வீட்டு அமிர்தம் மாரில் அடித்துக்கொண்டு வந்து பிணத்தைக் கட்டிக்கொள்ளப் போனாள். அம்சம் அவளைத் தோளோடு பிடித்துத் தள்ளினாள். "தொடாத. யாரும் தொடாதீங்க."

சாவு வீட்டில் இப்படி ஒரு பேச்சை அந்தத் தெரு கேட்டதில்லை. செத்தவன் மேல் விழுந்து, முகத்தோடு முகம் வைத்து அழுதால்தான் அங்கே அழுகை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் மலர்கொடி உள்ளேயிருந்து "அப்பா" என்று ஓடிவந்தபோது, அம்சம் குறுக்கே பாய்ந்து அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். மலர்கொடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். பிறகு அந்தப் பார்வை மெல்ல இறங்கிக் கோட்டின் மேல் நின்றது.

அவளுக்காக வந்த கோட்டுதான் அது.

மலர்கொடிக்குப் பதினேழு வயது. கும்பகோணத்தில் பி.யு.சி. முடித்து, அந்தத் தெருவிலேயே முதன்முதலாக இங்கிலீஷ் பேப்பரை வாசித்தவள். விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் எங்கெங்கோ எழுதிப்போட்டு, ருசியாவில் டாக்டருக்குப் படிக்க அவளுக்கு ஓர் இடம் வாங்கியிருந்தார்கள். படிப்பும் சாப்பாடும் அந்த நாட்டு அரசாங்கத்தின் பொறுப்பு. போய்ச் சேருகிற செலவும் துணிமணியும் நம் பாடு. அதற்குச் சங்கச் செயலாளர் ரெத்தினம் ஓர் ஏற்பாடு செய்தார். இந்த அறுப்புக்கு எந்தக் களத்தில் கூலி அளந்தாலும், ஒவ்வொரு ஆளும் தன் பங்கிலிருந்து ஒரு கைப்பிடிக் கதிரைத் தனியாக எடுத்து வைக்கவேண்டும். அதற்கு 'மலர்கொடி கட்டு' என்றே பேர் விழுந்துவிட்டது. தனக்கே கஞ்சிக்கு இல்லாத கிழவிகள்கூட அந்தக் கைப்பிடியைக் குறைக்கவில்லை.

வலங்கைமான் கடைத்தெருவில் குடை பழுதுபார்க்கிற காதர் மைதீனிடம் கொடுக்க நெல் இல்லை. இளவயசில் கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கிய கம்பளிக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். குளிரில் செத்துப்போகாமல் இருக்க இது ஒன்று போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார், பாவம்.

இருபது வருசம் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் கிடந்த கோட்டு. உள் துணியின் தையல் முழுக்க மூட்டைப்பூச்சி. அம்சம் வெயிலில் போட்டாள், வேப்பிலை வைத்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஊர் வெள்ளைக்காரப் பெண்கள் நடுவில் தன் மகள் உட்கார்ந்திருக்க, அவள் கழுத்தோரம் ஒரு பூச்சி ஊர்ந்து வருவதை நினைத்து நினைத்து அவளுக்குத் தூக்கம் போனது. பண்ணை வீட்டில் கட்டில் சட்டங்களுக்கு வயல் மருந்தைத் தொட்டு வைப்பதைச் சாணி தெளிக்கப் போனபோது பார்த்திருக்கிறாள். ஒருநாள் களையெடுத்துத் திரும்பும்போது பண்ணையின் பம்புசெட் கொட்டகையில் நுழைந்து, டின்னில் மிச்சம் கிடந்த மருந்தை ஓர் எண்ணெய் சீசாவில் சாய்த்துக்கொண்டு வந்தாள். தண்ணீரைக் கொஞ்சமாகவும் மருந்தைத் தாராளமாகவும் கலந்து, கோட்டின் உள்பக்கம் முழுக்கத் தடவி, நிழலில் உலர்த்தி, பரணில் வைத்தாள். பூச்சி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மூன்று மா குத்தகை நிலத்தை விட்டு வெளியே போ என்று பண்ணை கோர்ட்டில் நிற்கிறது. போகமாட்டேன் என்று வீரையன் சங்கத்தின் பலத்தில் அறுத்துப் போட்டிருக்கிறான். இந்த நேரத்தில் மருந்து திருடினாள் என்று ஒரு புகார் போனால் போதும்.

நேற்றுச் சாயங்காலம் அவள் அமிர்தம் வீட்டில் மாவிடித்துக்கொண்டிருந்தபோது, வீரையன் பரணிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு காவலுக்குப் போய்விட்டான். அம்சம் வந்ததும் மலர்கொடி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அந்த ஊர்க் குளிருக்குத் தாங்குமா என்று தான் முதலில் பார்த்துச் சொல்கிறேன் என்றாராம் அப்பா. அவள்தான் பித்தான் போட்டுவிட்டாளாம். ஒரு நிமிசம் அம்சத்துக்குத் திக்கென்றது. எழுந்து வயலுக்கு ஓடியிருக்கலாம். உலர்ந்து மூன்று நாள் ஆகிவிட்டதே, இனி என்ன செய்யப் போகிறது என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். பனி பெய்து உலர்ந்த மருந்தை மறுபடி ஊறவைக்கும் என்பதை அவள் நினைக்கவில்லை. இனி ஆயுசுக்கும் அதை மட்டும்தான் நினைப்பாள்.

வெயில் ஏறுவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து கொடியோடும் கம்போடும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, டீ. நேற்று அந்தி மங்குகிற நேரத்தில் பண்ணையின் காரியக்காரர் கோவிந்தராசு வயலுக்கு வந்து, சமாதானமாகப் போகலாம் என்று பேசியிருக்கிறார். தூக்குவாளியில் டீ கொண்டுவந்து வீரையனுக்குத் தன் கையால் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வயலில் இருந்த நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். பண்ணை ஆள் ஒருத்தர் இந்தத் தெருக்காரனுக்கு டீ கொடுத்தது அந்த ஊர் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. விஷம் இல்லாமல் எதற்குக் கொடுப்பான் என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்?

கோவிந்தராசுவைப் பம்புசெட் கொட்டகையிலிருந்து இழுத்துவந்து, களத்துமேட்டுத் தென்னையில் கட்டிவிட்டார்கள். ஒரு காதிலிருந்து ரத்தம் வழிந்து சட்டை நனைந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் கையில் அறுப்பரிவாள். பண்ணை வீட்டு வாசலில் லாரியில் ஆள் வந்து இறங்குகிறது என்று ஒருவன் ஓடிவந்து சொன்னான். அங்கே துப்பாக்கி இருப்பது எல்லாருக்கும் தெரியும். இப்படித் தொடங்கி எந்தத் தெரு எரிந்து முடிந்தது என்பதும் தெரியும். தாய்மார்கள் சத்தமில்லாமல் பிள்ளைகளை வீட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஓலைக் கூரைக்கு அடியில் பிள்ளையை வைக்கிற நாளாக அது தோன்றவில்லை.

அம்சத்தைக் கண்டதும் கோவிந்தராசு தலையைத் தூக்கினார்.

"அம்சம், வெறும் டீதாம்மா குடுத்தேன். எம்புள்ளைவோ மேல சத்தியமா வெறும் டீ."

ஏ, இந்தா என்று மட்டுமே அவளைக் கூப்பிட்டுப் பழகிய வாய் அது. அவளுக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. வேலியில் போன மாட்டுக்கும் அபராதம் போட்ட மனுசன். ஆனால் அவர் சொல்வது உண்மை என்று அந்தக் கூட்டத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். உண்மையைச் சொன்னால் போலீசு அவளைக் கொண்டுபோகும். கொலைகாரி மகளுக்கு எந்த நாட்டில் இடம் கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால் இந்த ஆளை வெட்டுவார்கள், பொழுது சாய்வதற்குள் தெரு எரியும். எரிகிற தெருவிலிருந்தும் மகள் எங்கேயும் போகப்போவதில்லை. அவள் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

ரெத்தினம் பிணத்தின் கால்மாட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார். வண்டியில் ஏற்றி வலங்கைமான் ரோட்டில் கொண்டுபோய் வைப்போம், பெரியாஸ்பத்திரியில் அறுத்துப் பார்க்கட்டும், போட்டிருக்கிற கோட்டோடு அப்படியே கொண்டுபோவோம் என்றார். மலர்கொடியைப் பார்த்து, இனி உன்னை அனுப்பிவைப்பது இந்த ஜில்லாவின் பொறுப்பு என்றார். மனசார அழுதுகொண்டேதான் சொன்னார்.

மலர்கொடி அழவில்லை. "அப்பாவ ஒரு தடவ தொடச்சி விட்டுடுறேன் தோழர். அப்பறம் கொண்டு போங்க" என்றாள்.

அதை யார் மறுக்க முடியும். பாயோடு உள்ளே தூக்கி வைத்துவிட்டு, கீற்றுத் தட்டியைச் சாத்தினார்கள். உள்ளே தாயும் மகளும் மட்டும்.

மலர்கொடி ஒரு பழைய புடவையைக் கிழித்து இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை சுற்றிக்கொண்டாள். சுற்றிக்கொண்ட பிறகுதான் கோட்டின் பித்தானைத் தொட்டாள். அம்சம் அதைப் பார்த்தாள். தன் மகளுக்கு எவ்வளவு தெரிந்துவிட்டது என்று அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கோட்டைக் கழற்றி வேறொரு பாயில் சுருட்டினாள். அப்பாவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. வயலில் மருந்தடித்து மயங்கி விழுந்தவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறாள்.

"சீசா எங்கம்மா?" என்றாள், வெளியே கேட்காத குரலில்.

அம்சம் கூரையில் செருகியிருந்த இடத்தைப் பார்த்தாள். மகள் காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது.

"பித்தான் நாந்தானம்மா போட்டுவிட்டேன்" என்றாள் மலர்கொடி. "கழுத்து வரைக்கும் போட்டுவிட்டேன்."

பிறகு அம்மாவைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாள். அம்சம் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் தகரப்பெட்டி ஒன்றின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. மலர்கொடியின் ஜியோமெட்ரி பெட்டி. ஆறாம் வகுப்பில் வாங்கியது, மூடி நெளிந்து ஒரு தனிச் சத்தம் போடும். கவராயத்தை எடுக்கிற உலோகச் சத்தம். பிறகு மூடி சாத்துகிற சத்தம்.

தட்டி விலகியது. "தோழர், உள்ள வாங்க. அப்பாவ பாம்பு தீண்டியிருக்கு."

ரெத்தினம் குனிந்து பார்த்தார். குதிகாலுக்கு மேலே அருகருகே இரண்டு புள்ளிகள். பின்னால் வந்த இரண்டு பெரியவர்கள் பார்த்து, நுரை தள்ளியிருக்கே, பாம்பேதான் என்றார்கள். அறுத்த வயலில் எலிக்கு வருகிற பாம்புகள் எத்தனை. ரெத்தினம் மட்டும் நிமிரவில்லை.

"டீ குடிச்சத நாலு பேரு பாத்துருக்காங்க மலரு."

"நான் சோறு கொண்டு போனேன் தோழர். அந்த டீயில நானும் ரெண்டு வாய் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆவலயே."

நேற்று அவள் வயல் பக்கமே போகவில்லை. டாக்டருக்குப் படிக்கப் போகிற பெண் சொல்கிறாள், தகப்பனைப் பறிகொடுத்தவளே சொல்கிறாள், அதற்கு மேல் யார் என்ன பேச. ரெத்தினம் குரலைத் தாழ்த்தினார்.

"பாம்புன்னா நாலு நாளுல மறந்துடுவாங்க. வசூலும் வராது. தெரியுதுல்ல?"

"தெரியும் தோழர்."

கோவிந்தராசுவை அவிழ்த்து விட்டார்கள். அவர் யாரையும் பார்க்காமல், ஒரு செருப்போடு நொண்டிக்கொண்டே வரப்பில் போனார். கொடிகளும் கம்புகளும் வந்த வழியே கலைந்தன. பிள்ளைகளைத் தாய்மார்கள் மறுபடி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

உச்சி சாய்வதற்குள் வீரையனைப் புதைத்தார்கள். அப்பா ஆசையாகப் போட்டது, அவரோடே போகட்டும் என்று மலர்கொடி சொன்னதால், கோட்டும் பாய்ச்சுருளோடு குழிக்குள் போனது. காதர் மைதீன் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று அழுதார். சுருளுக்குள் சீசாவும் இருந்தது அம்சத்துக்குத் தெரியும்.

இடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் வழியில் நின்றுவிட்டார்கள். மூன்று மா வயலில் வெறும் அரிதாள்தான் இருந்தது. எல்லாரும் குழியைச் சுற்றி நின்ற நேரத்தில், பண்ணை வண்டிகள் வந்து ஒரு கதிர் விடாமல் ஏற்றிக்கொண்டு போயிருந்தன. முன் வண்டியில் காதில் துணிக் கட்டோடு கோவிந்தராசு உட்கார்ந்திருந்தாராம். ரெத்தினம் மலர்கொடியை ஒரு பார்வை பார்த்தார். அவள் வண்டித் தடத்தைத் தாண்டி நடந்தாள்.

மறுநாள் பால் தெளித்து முடித்த கையோடு மலர்கொடி ருசியாவுக்கு அனுப்பவேண்டிய, கேள்விகள் அச்சடித்த பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். வீரையன் கையெழுத்துப் போடவேண்டிய பாரம். இதற்காகவே ஒரு மாசமாகத் தன் பேரை எழுதிப் பழகியிருந்தான். தகப்பன் இல்லாவிட்டால் தாய் கைநாட்டு வைக்கலாமாம். அவள் ஒவ்வொரு கேள்வியாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"தகப்பனார் உயிரோடு இருக்காரா? இல்லைன்னா, எதனால இறந்தார்?"

பேனா நின்றது. பிறகு எழுதியது.

"பாம்புக்கடி" என்று வாசித்துக் காட்டினாள்.

அம்சம் கையை நீட்டினாள். மலர்கொடி அந்தக் கட்டைவிரலைப் பிடித்து, மையில் ஒற்றி, தான் எழுதிய வரிகளுக்குக் கீழே வைத்து அழுத்தினாள். காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த செம்பில் துணியை நனைத்து, அம்மாவின் விரலை நகக்கண் வரை துடைத்தாள். மை போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.