எடுத்துக்கிட்டாச்சு

ஒரு வருடப் பயிற்சி முடிந்து யாருக்கு எந்தப் பிரிவு என்று முடிவாகும் நாள். காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் செய்கிற இந்தப் பெரிய கம்பெனியில் எனக்கு வேண்டியது சோதனைக்கூடம் ஒன்றுதான். அதன் தலைவர் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சோதிக்கச் சொல்லி, தேறியவர்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

நானோ கூடத்தின் மறுபக்கம், தலையில் புது ஹெல்மெட்டோடு, எதனுடனும் இணைக்காத மீட்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போட்டோ எடுக்கிறார்களாம்.

"ஊன்றுகோல் கொஞ்சம் தெரியற மாதிரி வைம்மா. ரெண்டே நிமிஷம்," என்றார் மனிதவளப் பிரிவு அக்கா. கோபப்படவே தெரியாதவர் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் புன்னகை.

அவருடைய ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்தே எனக்கு ஒரு கால் குட்டை. அதனால் 'எல்லோருக்கும் இடமுண்டு' என்ற போஸ்டரில் கம்பெனி வாசலிலேயே பல் தெரிய நிற்கிறேன். உள்ளே எந்தப் பிரிவுக்குப் போனாலும் முதலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எதைச் சொன்னாலும் தலையாட்டிப் பாராட்டினார்கள். ஸ்பானரை மட்டும் கையில் கொடுக்கவில்லை. போஸ்டரைப் பார்த்து அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பக்கம் என் தோழன் அவசரக்குடுக்கை தோற்றுத் திரும்பினான். மீட்டரின் முள் நிற்பதற்குள் அளவைச் சொல்லிவிட்டானாம். அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"சார், நான் இன்னும் செய்யலையே." குரல் தேவைக்கு மேல் ஓங்கிவிட்டது.

அவர் புன்னகை அக்காவைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கும்மா சோதனை? நீங்க வந்தா எங்களுக்குத்தான் பெருமை. எடுத்துக்கிட்டாச்சு."

புன்னகை கைதட்டினார். கேட்டது கிடைத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் இங்கேயும் ஒரு நாற்காலிதான் காத்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

"அவனுக்கு வச்சதையே எனக்கும் வைங்க சார். தேறலேன்னா வேண்டாம்."

"ஏம்மா வம்பை விலைக்கு வாங்கற?" என்று புன்னகை காதருகே முணுமுணுத்தார்.

தலைவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். அதை மாட்டிக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினார். ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு மீட்டரை இணைத்தேன். முள் நிற்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து அளவைச் சொன்னேன்.

"உள்ளே இருக்கற எண்ணெய் எவ்வளவு சூடா இருக்கு?"

நான் பார்க்கவில்லை.

"சூட்டைப் பொறுத்து அளவு மாறும். அது தெரியாம இதை வச்சு நான் என்ன பண்றது? தப்பு." அவர் முகத்தில் சிரிப்பில்லை. "தோத்தவங்களுக்கு அடுத்த வாரம் கடைசி வாய்ப்பு. அவனும் வர்றான், நீங்களும் வாங்க. அதையும் விட்டா இந்தப் பக்கமே வரக் கூடாது."

இந்தக் கம்பெனியில் என்னைப் பார்த்துத் தப்பு என்று சொன்ன முதல் ஆள் அவர். ஆனாலும் கைக்கு வந்த வேலையைக் கோட்டைவிட்ட ஆத்திரத்தில் அழுகை முட்டியது. புன்னகை என் தோளைத் தொட்டார்.

"பரவாயில்லம்மா. இதெல்லாம் உனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு யாரும் எதிர்பார்க்கல."

"சார் எதிர்பார்த்தாரு, அக்கா," என்று சொல்லிவிட்டு, மீட்டரைக் கழற்றத் திரும்பினேன்.